சகலையும் பிரேக் ஆயிலும்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. யார் மூக்கில் கண்ணாடி அரை மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷரால், மனைவியின் அக்கா புருஷனிடம் மட்டும் இத்தனை வருஷமாகத் தேடியும் ஒரு கோணலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த எரிச்சல்தான்.

சகலை லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் மிக்ஸி முனகினாலும் குழாய் ஒழுகினாலும் மனைவி வாயில் முதலில் வருவது, "அத்தான்கிட்ட சொல்லலாமா?" பதினாலு வருஷத்தில் "நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்று இவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதுவும் சுவரில் இருந்த பல்லிக்காக.

இப்போது பிரேக். கார் ஓட்டுவது அவள்தான். நர்ஸ் வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். போகிற வழியில் ஒரு நீள இறக்கம், அதன் அடியில் சிக்னல். "கால வெச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது அத்தான்" என்று அவள் ஃபோனில் சொன்னபோதுதான் இவருக்கே விஷயம் தெரிந்தது. கட்டின புருஷன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சகலை வந்துவிட்டார். பிரேக் ஆயில் மூடியைத் திறந்து, "ஆயில் கறுப்பு டீ மாதிரி ஆயிடுச்சே" என்றார். அவள் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவருக்கு விளங்கவில்லை.

சகலை சக்கரத்தின் பக்கத்தில் படுத்து, அங்கிருக்கும் நிப்பிள் என்கிற குட்டித் திருகைத் திறந்து மூடுவார். பழைய ஆயிலும் காற்றும் ஒரு டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கும். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இவருக்கு ஒதுக்கியது பானெட்டுக்குள் இருந்த சின்ன டேங்க். இறங்க இறங்கப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

"இந்தக் கோட்டுக்குக் கீழ மட்டும் இறங்க விட்டுடாதீங்க சகலை. காத்து உள்ள போச்சுன்னா செஞ்சதெல்லாம் வீண்."

"தெரியும், தெரியும்" என்றார் இவர். தெரியாது.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

"அப்படியே பிடி!"

"பிடிச்சிருக்கேன்!"

"விடு!"

"விட்டுட்டேன் அத்தான்!"

ஒரு சொல்லுக்கு ஒரு சொல், உடனுக்குடன். இதே வீட்டில் இவர் குளியலறையிலிருந்து துண்டு கேட்டு மூன்று தடவை கத்தினால்தான் எங்கிருந்தோ ஒரு "ம்" வரும். இங்கே பதிலோடு ஓர் அத்தானும் இனாம். தப்பாக ஒன்றும் இல்லை என்று இவருக்கும் தெரியும். சகலை தங்கமான மனுஷர். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

மூன்றாவது சக்கரத்தில் சகலை படுத்தபடியே ஏதோ சொன்னார். அவள் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்ன சொன்னார்? இவர் கழுத்தை நீட்டினார். ஆயில் கேன் கையில்தான் இருந்தது, கண்ணும் காதும் அங்கே போய்விட்டன. அதற்குள் பத்துப் பன்னிரண்டு அமுக்கு, பிடி, விடு ஆகிவிட்டது.

"ஐயோ அத்தான், கால் தரையில போய் முட்டுது!"

சகலை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். டேங்கில் ஒரு சொட்டு இல்லை. "கண்ணு எங்க இருந்துச்சு சகலை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. நாலு சக்கரமும் மறுபடி முதலிலிருந்து. பொறாமைப்பட்டு இவர் சாதித்தது, அவர்கள் இருவருக்கும் இன்னும் இரண்டு மணி நேர அமுக்கு, பிடி, விடு.

அப்போது சகலைக்கு ஃபோன் வந்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நாலு பேர். "நாளைக்குப் பாத்துக்கலாம், வண்டிய எடுத்துடாத" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

"நான் பண்றேன்" என்றார் இவர்.

"நீங்களா?"

"இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"எதை?" என்றாள் அவள். இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படுத்தார்.

முதல் "அமுக்கு" டிரைவர் சீட் வரை போகவில்லை. இரண்டாவது போனது. அவளே அடிக்கடி இறங்கி டேங்கை நிரப்பிவிட்டு வந்து மிதித்தாள். டியூபில் முதலில் வெறும் நுரை, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ்கள். முழங்கை சிராய்த்து, சட்டையெல்லாம் ஆயிலாகி, சாயங்காலம் நாலு மணிக்கு நாலாவது சக்கரத்திலும் சுத்தமான ஆயில் வந்தது.

அவள் மிதித்துப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்குங்க!" வாசல் வரை ஓட்டி மூன்று தடவை நிறுத்தினாள். இறங்கியதும் ஃபோனை எடுத்தாள். "அத்தான், நீங்க வர வேணாம். அவரே பண்ணிட்டாரு! ஆமா, அவரேதான்!"

பதினாலு வருஷமாக இவர் காத்திருந்த வார்த்தை, அதுவும் சேர வேண்டிய காதிலேயே போய்ச் சேர்ந்தது. இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு நிற்கும்போதே அந்த இறக்கமும் சிக்னலும் ஞாபகம் வந்தன. எல்லா நிப்பிளையும் சரியாக இறுக்கினோமா? சத்தியமாகத் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

கையை நீட்டி ஃபோனை வாங்கினார். "அண்ணே, வேலை முடிஞ்சதும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

சகலை வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். பின்பக்கம் இடது நிப்பிளில் ஈரம் கசிந்திருந்தது. அவர் இவரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்கி, துணியால் துடைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன அத்தான், சரியா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"பிரமாதமா பண்ணிருக்காரு. எனக்கு இங்க வேலையே இல்ல!"

அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவர் ஏங்கின பார்வை அது. அதையும் அந்த மனுஷர்தான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.