வீட்டுச் சத்தம் விழாத மைக்

அரியலூர் பக்கம் யார் செத்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடி சேதி தெரிவது அறிவரசனுக்குத்தான். ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் ஊராக ஒலிக்கிற அறிவிப்பெல்லாம் அவர் குரல். காதுகுத்து, கடைத் திறப்பு, சாவு எதுவானாலும் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலில் பழைய மெத்தை. அதற்குப் பெயர் ஸ்டூடியோ. பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

அந்த ஸ்டூடியோவில் உட்காரவே இப்போது அவருக்குப் பயம். மனைவி அமிர்தவல்லி இறந்து பத்து மாதம் ஆகிறது. ஆனாலும் இரண்டு மாதமாக, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால், பின்னால் வெறுங்காலில் யாரோ நடக்கிறார்கள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் மெல்ல விலகுகிறது. அவள் அப்படித்தான் நடப்பாள். எழுந்து பார்க்கத் தெம்பில்லாமல், சத்தம் அடங்கும்வரை உறைந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

அப்படி நடக்க அவளைப் பழக்கியதே அவர்தான். ரெக்கார்டிங் என்றால் குக்கர் விசில் கூடாது, கொலுசு கூடாது. ஒரு கரண்டி விழுந்தால் போதும், வீட்டை இரண்டாக்கிவிடுவார். அமிர்தவல்லி கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்தாள். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாளாம். பக்கத்து வீட்டுச் சிந்தாமணி சொல்லித்தான் அது அவருக்குத் தெரிந்தது, அதுவும் காரியம் முடிந்த பிறகு. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், “எத்தனை மாசமா இருமல்?” என்று கேட்டபோது, “அவளுக்கு இருமலே கிடையாதுங்களே சார்” என்று உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வை இன்னும் அவரை விடவில்லை.

மைக்கை மாற்றிவிட்டால் நிம்மதி என்று பட்டது. பெரம்பலூரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் சுரேஷ்குமாரிடம் போனார்.

“இப்ப என்ன மைக்குண்ணே வச்சிருக்கீங்க?”

“கண்டன்சர்.”

“அது எறும்பு ஊர்றதைக்கூட புடிச்சுக் குடுக்கும்ணே. குரலு என்னமோ பளிச்சுன்னு வரும், ஆனா ரூமு அடக்கமா இருக்கணும். உங்க ஊருல கல்லு லாரி ஓடிக்கிட்டே கெடக்கு. டைனமிக் எடுத்துக்குங்க. கிட்டக்க வச்சுப் பேசுனா உங்க வாயி மட்டுந்தான் கேக்கும்.”

“வூட்டுச் சத்தம்?”

“வூடு இருக்கறதே தெரியாது.”

அறிவரசன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்க்கவில்லை, பாதிக் குரல் போனாலும் பரவாயில்லை என்று டைனமிக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். ப்ளஸ் டூ படிக்கும் மகள் மஞ்சு முன்னறையில் புத்தகத்தோடு இருந்தாள். “ரெக்கார்டிங்காப்பா?” என்று கேட்டு, சொல்லாமலே ஃபேனை நிறுத்தினாள். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை என்று தெருவே அவளை மெச்சும்.

பூலாம்பாடியில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். பெயர், வயது, மகன்கள், மருமகன்கள், எடுக்கும் நேரம். மூன்று நிமிடம் பேசினார். ஹெட்போனில் தன் குரலைத் தவிர ஒன்றும் இல்லை. காலடி இல்லை, தாழ்ப்பாள் இல்லை. பத்து மாதம் கழித்து அவள் போய்விட்டாள் என்று தோன்றியது. நெஞ்சு லேசானது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

பயம் விட்டதால் அன்றுதான் பேசி முடித்த கையோடு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக் குனிந்தபடி மஞ்சு நின்றாள். செருப்பு இல்லை. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை.

அவரைப் பார்த்ததும் துணியை எடுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“எத்தனை நாளா இப்புடி இருமல்?”

“ரெண்டு மாசமாப்பா.” மூச்சு வாங்கியது. “ரெக்கார்டிங்ல விழுந்துருச்சா?”

“விழலம்மா,” என்றார். அதைச் சொல்லிக்கொண்டே, அவள் மறுபடி வாய்க்குக் கொண்டுபோன துணியைப் பிடித்து நிறுத்தினார்.