ஒச்சம்மாவின் நத்தைக்கல்

புரோத்ராபூர் சாலை வேலையில் ஒச்சம்மா தினக்கூலி மஸ்தூர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் பர்மனென்ட் ஆகி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். ஒச்சம்மா மட்டும் தினம் காலையில் மஸ்டர் ரோல் பதிவேட்டில் பேர் கூப்பிடும்போது கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். 2011-இல் அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. இன்னும் ஆறு வருஷத்துக்குள் பர்மனென்ட் ஆனால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீடு.

சுனாமிக்குப் பிறகு தீவில் எதைத் தொட்டாலும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. உள்ளூர்க் கல் போதாமல் மெயின்லாண்டிலிருந்து பார்ஜ் என்ற சரக்குப் படகில் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. 2006-இல் வந்த ஒரு லோடு மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் நத்தை மாதிரி சுருண்ட கற்கள் கிடந்தன. மற்றவர்கள் பார்க்காமலே சம்மட்டியைப் போட்டார்கள். ஒச்சம்மா பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. அழகாக இருந்தது, எடுத்தாள். அப்படிப் பதினேழு கல் வீட்டில் சேர்ந்தது.

2011-இல் ரவிக்குமார் என்ற நிலவியல்காரர் சாலையோர மலைச்சரிவை ஆராய வந்தார். மண் தோண்ட ஆள் கேட்டதும், சாலை வேலையின் ஜூனியர் இன்ஜினியர் ஜெகநாதன் ஒச்சம்மாவை அனுப்பி வைத்தார். மூன்றாம் நாள், சரிந்து கிடந்த மண்ணிலிருந்து ரவிக்குமார் ஒரு கல்லை எடுத்தார். எடுத்தவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பாதியாக உடைந்த நத்தைக்கல் அது.

இதற்குப் பேர் அம்மோனைட் என்று அவளுக்கு விளக்கினார். கடலில் வாழ்ந்த பிராணி. ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலம் இருந்து மறைந்தது. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் மொத்தமும் அழிந்தது. அதனால் எந்தப் பாறையில் எந்த வகை இருக்கிறதோ, அதை வைத்தே பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். இந்த மலைக்கு நாலைந்து கோடி வயது என்றுதான் இதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கல் இங்கே பிறந்ததென்றால் அத்தனையும் மாறும்.

வெளிக்கல் ஏதாவது இங்கே கொட்டியதுண்டா என்று அவர் எல்லோரையும் விசாரித்தார். போன வருஷம்தான் மாற்றலாகி வந்த ஜெகநாதன், மலை மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கல் கிடைத்த இடத்துக்கு வேலி போட்டு, ஒரு காவலாளி வேலைக்கு ஃபைல் போடுவதாகவும், அதில் ஒச்சம்மா பேரையே எழுதுவதாகவும் சொன்னார். பர்மனென்ட் வேலை. ரவிக்குமார் அவளிடமும் கேட்டார். "தெரியாது சார்" என்றாள் ஒச்சம்மா.

தெரியும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்தக் கல்லை இரண்டாகப் பிளந்ததே அவள் சம்மட்டிதான். உள்ளே அறை அறையாகப் பளபளத்த பாதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். இன்னொரு பாதியைச் சல்லியோடு சேர்த்து இதே சரிவின் தடுப்புச்சுவருக்குப் பின்னால் எறிந்தாள். 2009 பூகம்பத்தில் சுவர் விழுந்தது. அடைத்த கல்லும் மலை மண்ணும் ஒன்றாகக் கலந்தன. அவள் வீட்டில் அந்தப் பாதி, எலி தள்ளாமலிருக்க அரிசிப் பானை மூடிமேல் பாரமாக உட்கார்ந்திருந்தது.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆசைதான், அதை மறைப்பானேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை அவள் உடம்பு அவ்வளவு விரும்பியது.

கல் கிடைத்த ஐந்தாம் நாள் ரவிக்குமார் தன் அறிக்கையை முடித்து, மலையின் புது வயதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். ஒருதரம் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியுமா என்று அவள் கேட்டாள். லேசில் முடியாது, இதை நம்பி இன்னும் நூறு பேர் எழுதுவார்கள் என்று சிரித்தார். ஒச்சம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் துணியில் சுற்றிய பாதிக் கல் இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நகம் நுழைய இடமில்லாமல் பொருந்தியது. அவள் பார்ஜ் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீங்க சொல்லலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேம்மா. அந்த வேலையும் கிடைச்சிருக்கும்."

"என்னைய மஸ்டர்ல ஏத்துன கிளார்க்கு பாபு, நான் சேந்த வருசம் தொண்ணூத்தி நாலுன்னு எழுத வேண்டியத தொண்ணூத்தி ஒம்போதுன்னு எழுதிப்புட்டாரு சார். யாருக்குத் தெரியப் போகுதுன்னுதான் அவரும் இருந்திருப்பாரு. அஞ்சு வருச சர்வீசு போச்சு, அதான் இன்னும் பர்மனென்ட் ஆகல. எட்டு வருசமா ஆபீஸ் ஆபீஸா நடக்குறேன். மாத்த முடியல."

விஷயம் கேட்டு ஜெகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு?" என்று கத்திவிட்டு ஃபைலை மூடினார். ஒச்சம்மா தார் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். செய்தது சரி என்று தெரிந்தாலும் அழுகை வரத்தான் செய்தது.

ரவிக்குமார் அறிக்கையிலிருந்த புது வயதை அடித்துவிட்டார். ஆனால் கல்லை எறியவில்லை. வந்த வழி தெரியாத கல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதுவே சாட்சி என்று, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டித் தன் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டார். கிளம்பும் முன் அதற்கு ஒரு சீட்டு எழுதினார். படித்துக் காட்டச் சொன்னாள் ஒச்சம்மா. அவர் படித்தார்: இந்த மலையில் பிறந்ததல்ல, அரியலூர்ப் பக்கத்துக் கல்லாக இருக்கலாம், பார்ஜில் ஹேடோ வந்தது, சேகரித்தவர் ஒச்சம்மா, சாலை மஸ்தூர், சேகரித்த வருடம் 2006.

"வருசத்த மட்டும் இன்னொருக்கா படிங்க சார்."

"ரெண்டாயிரத்து ஆறு."

"சரியா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, ஒச்சம்மா சம்மட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.