ஊருக்கெல்லாம் நானா

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சனம் முஸ்லிம் வியாபாரி யாரைக் கண்டாலும் நானா என்றுதான் கூப்பிடும். வயது பார்ப்பதில்லை. மீசை அரும்பாத பெடியன் கடையில் நின்றாலும் நானாதான். அவர்கள் வீட்டில் அது அண்ணனைக் கூப்பிடும் சொல். முல்லைத்தீவில் தையல்கடை வைத்திருக்கும் சியாமையும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பென்சன் எடுத்த தபால்காரர்கூட, “நானா, என்ர களிசான் முடிஞ்சுதோ?” என்று கேட்டுக்கொண்டு வருவார். ஊர் முழுக்கக் கூப்பிட்டும் அந்த மனிசனுக்குக் காது நிறையவில்லை. கூப்பிட வேண்டிய ஒருவன் கூப்பிடவில்லை என்பதுதான் குறை.

அந்த ஒருவன் அஸ்மின். சியாமோடு ஒரே வயிற்றில் கிடந்து, அவருக்குப் பதினொரு நிமிடம் பிந்திப் பிறந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே முகம். முந்திப் பிறந்த நான்தான் மூத்தவன் என்பது சியாமின் கட்சி. பிந்தி வந்ததுதான் முதலில் கருவானது, அடியில் கிடந்தபடியால் பிந்தி வந்தது, ஆகவே நான்தான் மூத்தவன் என்பது அஸ்மினின் கட்சி. இந்த வழக்கைத் தீர்த்து வைக்காமலே அவர்களைப் பெற்ற உம்மா மௌத்தாகிவிட்டா. ஒருவரை ஒருவர் நானா என்று கூப்பிட்டால் தோற்றது மாதிரி. அதனால் முப்பத்தைந்து வயது தாண்டியும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் பரந்தனில் கலியாணப் பொம்பிளைகளைச் சோடித்து வெளிக்கிடுத்துகிறவள். பேர் சுதர்சினி. கூறைச்சீலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்து மூன்று தையல்காரரிடம் மூக்குடைபட்ட பிறகு, பஸ் ஏறிப் போய்ச் சியாம் நானாவைக் கண்டுபிடித்தேன். அவருக்குக் கை சுத்தம், வாய் நீளம். சட்டைக்கு ஊக்கு வைத்து முடிவதற்குள் அரை வாழ்க்கை வரலாறு வந்துவிடும்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தை இயக்கம் வெளியேறச் சொன்னபோது இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போனார்கள். அங்கே முகாமில் கிட்டிப்புள் விளையாடும்போது சியாம் அடித்த புள் அஸ்மினின் புருவத்தைக் கிழித்தது. அந்தத் தழும்பு வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தில் வாத்திமாருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது சியாம் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அஸ்மின் வரவில்லை. பெண் எடுத்ததும் பிள்ளைகள் படிப்பதும் புத்தளத்தில், அவர் என்ன செய்வார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை வாப்பா மௌத்தானார். செய்தி கேட்டதும் அஸ்மின் பஸ் ஏறிவிட்டார். ஜனாஸாவை வைத்திருப்பது நல்லதில்லை, மத்தியான லுஹர் தொழுகையோடு அடக்கிவிடுவோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு மூத்த மகனின் முகத்தைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் ஒத்துக்கொள்ளாத பட்டம் அன்றைக்குத்தான் சபையில் கிடைத்தது. சியாம் தலையை ஆட்டிவிட்டார். அடக்கம் முடிந்து ஒன்றரை மணித்தியாலத்தில் அஸ்மின் வந்து சேர்ந்தார். கபுறு மண்ணின்மேல் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. “உன்னை ஆர் மூத்தவனாக்கினது?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. போன் எடுத்தால் அஸ்மினின் மனைவிதான் கதைப்பா. ஆனால் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சியாம் தனக்கு ஒரு சேட் தைக்கும்போது, அதே துணியில் அதே அளவில் இன்னொன்றும் தைப்பார். அளவு கேட்க யாரிடமும் போகத் தேவையில்லை, தன் தோளை அளந்தால் போதும். தைத்து, மடித்து, கடை அலுமாரியில் வைப்பார். நான் எண்ணியபோது பன்னிரண்டு சேட் இருந்தது. அனுப்பிவைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அனுப்பினால் திரும்பி வந்துவிடும் என்ற பயம் என்றார்.

இந்த நேரத்தில்தான் என் சித்தி மகன் பிரதாபனுக்குப் படம் எடுக்கும் விசர் பிடித்தது. அவன் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவன். சும்மா படமில்லை, அறிவியல் கற்பனைப் படம். நூறு வருடத்துக்குப் பிறகு ஒரு நகரம். வாசலில் நிற்கும் இயந்திரம் முகத்தைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடும். ஒரு முகத்துக்கு ஒரு அட்டை, அதுதான் சட்டம். அங்கே ஒரே முகத்தோடு இரட்டைச் சகோதரர்கள் இருக்கிறார்கள். அட்டை மூத்தவனுக்கு, இளையவன் நகரத்தைவிட்டு வெளியேற வேண்டும். நூறு வருடத்துக்குப் பிறகும் சனத்தை வெளியேற்றுகிற வேலைதானா என்று கேட்டேன். பிரதாபன் சிரிக்கவில்லை. “உங்களுக்கு இரட்டையர் ஆரையும் தெரியுமோ அக்கா?” என்று கேட்டான். ஒன்றைத் தெரியும், மற்றது புத்தளத்தில் என்றேன்.

சியாம் நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் கதை முழுக்கக் கேட்கவில்லை. ஒரே முகம், இரண்டு பேர் என்றதுமே ஊசியை வைத்துவிட்டார். இரண்டு பேரும் வருவோம் என்றார். தம்பியைக் கேட்காமலே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான், ஆனால் அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபின் வாய் வரவில்லை. ஆறு வருடமாகத் தம்பியைக் கூப்பிட ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவருக்கு இதைவிட நல்ல சாட்டுக் கிடைக்குமா. புத்தளத்துக்குப் போன் எடுத்து அஸ்மினின் மனைவியிடம் நாளும் இடமும் சொன்னார். சொல்லிவிடுகிறேன் என்று அவா சொன்னாவாம்.

படப்பிடிப்பு பரந்தனில், பழைய இரசாயனத் தொழிற்சாலையின் இடிந்த கட்டடத்தில். கூரை இல்லை, தூண்கள் மட்டும் நின்றன. எதிர்கால நகரம் கட்டப் பிரதாபனுக்குச் செலவே இல்லை. சியாம் நானா விடியவே முல்லைத்தீவிலிருந்து வந்துவிட்டார். கையில் ஒரு பை, அதற்குள் ஒரே மாதிரி இரண்டு சாம்பல் நிறச் சேட். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் வரும் நேரத்துக்குச் சந்திக்குப் போய் நின்றார். நானும் கூடப் போனேன். பஸ் வந்தது. இரண்டு கன்னியாஸ்திரிகளும் ஒரு சாக்கு வெங்காயமும் இறங்கினார்கள். பஸ் போன பிறகும் அவர் நகரவில்லை. பிந்தின பஸ்ஸிலும் வரலாம் என்றார். வெயில் ஏறியது. மூன்றாவது பஸ்ஸும் நிற்காமல் போனபோது, “அவன் வரமாட்டான் தங்கச்சி. அண்டைக்கு அவன் பஸ்ஸில வந்து ஏமாந்தவன், இண்டைக்கு என்ர முறை” என்றார். வெயிலில் நின்ற எனக்கு அந்த மனிசனைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

பிரதாபன்தான் வழி சொன்னான். கமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, முதலில் இடப்பக்கக் கதிரையில் ஒருவனாக நடிப்பது, பிறகு வலப்பக்கத்தில் மற்றவனாக நடிப்பது. இரண்டையும் கணினியில் ஒட்டினால் இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள். ஆள் இல்லாத பக்கத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும், கண் தவறக் கூடாது. அதற்குச் சியாம் நானா தன் பையிலிருந்து ஒரு நூல்கட்டையை எடுத்தார். அதைத் தடியில் குத்தித் தம்பியின் கண் உயரத்துக்கு நிறுத்தினார். உயரம் தன்னுடையதுதானே.

ஆள் அடையாளத்துக்கு ஒருவனுக்குத் தழும்பு வேண்டும் என்றான் பிரதாபன். யாருக்கு என்று கேட்டேன். “மூத்தவனுக்குப் போடுங்கோ” என்றார் சியாம் நானா. எனக்குச் சுருக்கென்றது. தழும்பு அஸ்மினுடையது. அந்தக் கதையில் அஸ்மினை மூத்தவனாக்கிவிட்டு, தான் இளையவனாக நிற்கப் போகிறார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். என் கண்ணாடிக்கு முன் நின்று, எதிரில் நிற்கும் ஒருவனைத் தொடுவதுபோலக் கண்ணாடியில் தெரிந்த புருவத்தைத் தொட்டுக் காட்டினார். விரலுக்கு நேரே இருந்தது அவருடைய இடது புருவம். அதில் கீறினேன்.

முதலில் தழும்போடு மூத்தவனாக இடப்பக்கக் கதிரையில் இருந்தார். வசனம் இல்லை. பிறகு நான் தழும்பை அழித்தேன். மற்றச் சேட்டை மாற்றிக்கொண்டு இளையவனாக வந்தார். ‘அண்ணா, நீ இரு. நான் போறன்’ என்பதுதான் பிரதாபன் எழுதியிருந்த வசனம். எங்கட வீட்டில் அண்ணா இல்லை, நானாதான் என்றார் சியாம். சரி, அப்படியே சொல்லுங்கோ என்றான் பிரதாபன்.

சொல்ல வேண்டுமே. நூல்கட்டையைப் பார்த்தார், வாய் திறந்தார், மூடினார். ஒருமுறை இருமினார். ஒருமுறை “அஸ்மின்” என்றார். பிரதாபன் பொறுமையாக ஆறுதரம் எடுத்தான். பொறுமை இல்லாத நான் வெளியே போய் ஒரு தூணோடு நின்றேன். நாற்பது வருடம் நாக்கில் பூட்டுப் போட்டு வைத்த சொல், ஒரு நூல்கட்டையைப் பார்த்ததும் வந்துவிடுமா. ஏழாவது தரம் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“நானா. நீ இரு. நான் போறன்.” பிறகு, எழுதாத ஒன்று. “நான் கொஞ்சம் பொறுத்திருக்க வேணும், நானா. நீ வருமட்டும் நான் பொறுத்திருக்க வேணும்.”

பிரதாபன் கமராவை நிறுத்தவில்லை. நான் உள்ளே வந்தபோது மனிசன் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஊரான் வீட்டுக் கலியாணத்தில் பொம்பிளை அழுதால் மை கரையும் என்று ஏசுகிறவள் நான்.

அந்த வசனத்தைப் பிரதாபன் வெட்டவில்லை. கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டபோது, இளையவன் எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்று பாதிப்பேர் கேட்டார்கள். படத்தில் அதற்குக் காரணமே இல்லை, கதை ஓட்டை என்று ஒருவர் முகநூலிலும் எழுதினார். பிரதாபன் ஒருவருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. அந்தக் காட்சியில் சாம்பல் நிறச் சேட் போட்ட இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சியாம் நானா மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து, படத்தைப் பார்க்காமல் இடப்பக்கக் கதிரையில் இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஸுல்பா அந்தத் துண்டைப் போனில் எடுத்துப் புத்தளத்துக்கு அனுப்பினாள். அனுப்பியது சியாம் நானாவுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து ஒரு சட்டைக்கு அளவு கொடுக்க நான் கடைக்குப் போயிருந்தேன். சியாம் நானா வெட்டிக்கொண்டிருந்தார், போன் அடித்தது. கை ஒழியாததால் மேசையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார். யார் என்று பார்க்கவில்லை.

“தழும்பு பக்கம் மாறிக் கிடக்காம்” என்றது குரல். சியாம் நானாவின் குரலேதான், ஆனால் அவர் வாய் மூடியிருந்தது. “என்ர மனிசி சொல்றா, எனக்கு வலது பக்கமாம். எனக்கெண்டால் வித்தியாசம் தெரியேல்ல. கண்ணாடியில நான் காணுற முகமாத்தான் இருந்தது.”

கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றுவிட்டது. பிழை என்னுடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிரில் நிற்கும் தம்பியை நினைத்து அவர் கண்ணாடியைத் தொட்டார், நான் அவருடைய முகத்தில் கீறினேன். பிறகு பக்கம் மாறாமல் என்ன செய்யும்.

“அந்தச் சேட் எனக்குத் தைச்சதோ?”

சியாம் நானா தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். ஓம் என்று நான் சொன்னேன். யார் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை.

“வெள்ளிக்கிழமை வாறன். வாப்பாவின்ர கபுறடிக்குப் போக வேணும். பஸ் பிந்தும்” என்றது குரல். “நான் வருமட்டும் பொறுத்திருப்பியோ, நானா?”

சியாம் நானா கத்தரிக்கோலை வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் இந்த மனிசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. போனைத் தூக்கினேன்.

“பொறுத்திருப்பார்” என்றேன். “நீங்கள் வாங்கோ.”