அண்ணி கணக்கு டீச்சரான கதை

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போக வேண்டியவள் நாத்தனார்தான். அவளைக் கணக்கு டீச்சராக்கிப் பார்த்தே தீருவது என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். நாத்தனாருக்கோ எண்களைக் கண்டாலே ஆகாது. கேமரா என்றால் உயிர். அம்மா பேச்செடுக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடுவாள்.

அண்ணி அப்போது இடுப்பில் கைக்குழந்தையோடு இருந்தாள். பள்ளியில் கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தவள். புகுந்த வீட்டில் அதை யாரும் கேட்டதுமில்லை, அவளாகச் சொன்னதுமில்லை. கல்லூரி விஷயம் விசாரிக்கும் வேலை மட்டும் அவள் தலையில் விழுந்தது.

விசாரித்தாள் என்று சொன்னால் போதாது, துருவித் துருவிக் கேட்டாள். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை ஒதுக்கியதும் அந்த மேசையில்தான் பேச்சு நடக்கும். முதலில் கணிதத்தில் பட்டம் வாங்க வேண்டும். துணைப்பாடம் இயற்பியலா, புள்ளியியலா? பிறகு ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. அதிலேயே ஏதாவதொரு பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். அதற்கப்புறம்தான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குள் டீச்சராக நுழைய முடியும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கையில் கிரீஸ் வாசனையோடு எட்டிப் பார்ப்பான்.

"என்ன, ரோடு போடுறியா?"

"உங்க தங்கச்சி போறதுக்குத்தாங்க."

"அவ தூங்கிட்டா பாரு."

உண்மைதான். நாத்தனார் மேசையிலேயே கவிழ்ந்து தூங்கியிருந்தாள்.

ஒருநாள் அண்ணியும் நாத்தனாரும் கல்லூரிக்குப் போனார்கள். கணிதத் துறைத் தலைவி மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட அம்மாள். அண்ணி கேட்டுக்கொண்டே போனாள். பள்ளிக் கணக்குக்கும் இங்கே சொல்லித்தருவதற்கும் எவ்வளவு தூரம்? வடிவியலை ஆழமாக நடத்துவீர்களா? படிப்பை விட்டு இடைவெளி விழுந்தவர்களால் தாக்குப்பிடிக்க முடியுமா? நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி, உங்க ரெண்டு பேர்ல சேரப்போறது யாரு?" என்றார் தலைவி.

"இவங்கதான் மேடம்" என்றாள் நாத்தனார், கண்ணிமைக்காமல்.

அண்ணி அவள் தொடையில் கிள்ளினாள். ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு நொடியைத்தான் அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

வீட்டில் நாத்தனார் விஷயத்தைப் போட்டு உடைத்ததும் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப புள்ளைய யாரு பாத்துக்கறதாம்?"

"நீ எதுக்கும்மா இருக்க?" என்றான் கணவன்.

"ஓகோ, அதுவும் என் தலையிலயா!" என்று சத்தம் போட்டார். ஆனால் கல்லூரி திறந்த அன்று காலையில் அவரே வந்து, அண்ணி இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

முதல் வருடம் அவளைப் புரட்டியெடுத்தது. பள்ளியில் விடை வந்தால் போதும். இங்கே, கண்ணுக்கு நேராகத் தெரிவதைக்கூட 'ஏன்?' என்று கேட்டார்கள். சின்னப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாள். "விட்டுடலாம்னு இருக்கு" என்று நாத்தனாரிடம் அழுதாள். "அழுங்க அண்ணி, அழுதுட்டுப் படிங்க. நீங்க விட்டா அம்மா திரும்ப என்னைப் பிடிச்சுக்கும்" என்றாள் அவள். அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பட்டம் முடிந்து பயிற்சிப் படிப்பில், வகுப்பெடுத்துப் பழகப் போன இடத்தில், பின்பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள். "மைனஸும் மைனஸும் பெருக்கினா எப்படி டீச்சர் பிளஸ் ஆகும்?" அதுதான் விதி என்று சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு, முகம் வாட வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அண்ணியின் கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டு, வழக்கம்போல் பின்னோக்கி ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் நடந்தே மண்டபத்துக்குள் போனார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடியே படமெடுத்த போட்டோகிராபர் மட்டும், இப்போது எல்லோரையும்போல நேராக முன்னோக்கி நடந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணி நின்றுவிட்டாள். பின்னால் நடந்ததைப் பின்னால் ஓட்டினால் முன்னால்தானே!

மறுநாள் வகுப்பில் கேசட் கதையைச் சொல்லி, அவளே பின்னால் நடந்து காட்டினாள், நாற்காலியில் முட்டிக்கொண்டாள். வகுப்பு அதிரச் சிரித்தது. கேள்வி கேட்டவள் சிரித்து முடித்து, மெல்ல, "ஓ" என்றாள்.

பிறகு வேலை கிடைத்தது, பத்தாம் வகுப்புகள் வந்தன, போயின. நாத்தனார் ஸ்டூடியோ வைத்தாள். பள்ளியின் வகுப்புப் படங்களை எடுக்க வருவது அவள்தான். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கணவனுக்கு முட்டிவலி. குழந்தை வளர்ந்து வேறு ஊரில் குடித்தனம்.

விடைத்தாள் திருத்திக் கண் வலிக்கும்போது அண்ணிக்கு அந்த மேசைப் பேச்சுதான் நினைவுக்கு வரும். படித்ததைவிட, படிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள்தான் ருசியாக இருந்தன என்று தோன்றும். ஒருநாள் நாத்தனாருக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல அண்ணி. நான் தூங்கிட்டேனே" என்றாள் அவள்.