மேல் வீடு இல்லாத ஒழுக்கு

பெரியப்பாவின் ஃப்ளாட்டில் பெரிய டீவியில் குகைக் கோயிலின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கூரைப் பாறையிலிருந்து ஒரு துளி கழன்று, கீழே லிங்கத்தின் மேல் விழுந்தது.

"அந்தா, பாருங்கோ. லீக்," என்றார் பெரியப்பா.

சுற்றியிருந்த அங்கிள்மார் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது: இதை நான் நிறுத்த வேண்டும். எப்படி என்று தெரியாது. ஆனால் நிறுத்த வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளாட்காரர்களுக்கு ஒழுக்கு என்றால் மேல் வீட்டுக்காரனின் பாத்ரூம். சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரிந்தால் முதலில் சண்டை, பிறகு ஒரு மேசன் பாஸைப் பிடித்து, கெமிக்கல் பூசி அடைப்பு. இவர்கள் எல்லாரும் அப்படி ஒரு சண்டையாவது பிடித்தவர்கள். அதே கண்ணோடு குகையைப் பார்த்தார்கள்.

"அங்கிள், அதுக்கு மேல ஃப்ளாட் இல்லை. மலைதான் இருக்கு," என்றேன்.

ஒருவர் சிரித்தார். "பிள்ளை கம்பஸிலை புவியியல் படிக்குது எல்லோ. மலையையும் தெரியும்."

"வழுக்கி விழுந்தா ஆர் பொறுப்பு? நீயே?" என்றார் பெரியப்பா.

வழுக்கியது உண்மை. ஏன் வழுக்கியது என்பதுதான் எனக்கு வயிறெரிகிற கதை. அந்தக் குகையை யாரும் கட்டவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, மலை உச்சியில், பாறை தானாக வாய் திறந்து கிடக்கிறது. உள்ளே லிங்கம் போல எழும்பி நிற்கும் கல். அதன் மேல் வருடம் முழுக்கச் சொட்டும் தண்ணீர்தான் அங்கே அபிஷேகம். தரையில் சொரசொரப்பான பாறை, நடுவே வடிகான் மாதிரி ஒரு பள்ளம்; விழுந்த தண்ணீர் அதன் வழியே வெளியே ஓடிவிடும். பெரியப்பாவும் இந்த அங்கிள்மாரும் சேர்ந்த குழு போன வருடம் அங்கே திருப்பணி என்று இறங்கியது. பள்ளத்தைச் சீமெந்தால் நிரப்பி, முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ் பதித்தது. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கியது. பார்க்கப் போன அங்கிள் ஒருவரின் மனைவி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பிழை யாரில்? தண்ணீரில்! ஆகவே அது சொட்டுகிற கூரைப் பாறையின் வெடிப்பை அடைக்க வேண்டுமாம்.

அந்தக் குகையை எனக்குக் காட்டியவள் கம்பஸ் தோழி. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருக்கிறாள். அவளுடைய வீடு அந்த மலையடியில், தோட்டத் தொழிலாளர் லயத்தில். அங்கே யார் எதைத் தொடங்குவதென்றாலும் உள்ளங்கையை விரித்து லிங்கத்துக்கு மேலே நீட்டுவார்கள். துளி கையில் விழுந்தால் உத்தரவு. அதற்குப் பெயர் 'சொட்டு வாங்குறது'. அவளுடைய அம்மா பிரசவத்துக்கு முன் வாங்கினாராம். நானும் ஒருமுறை நீட்டினேன். துளி மணிக்கட்டில் விழுந்தது.

"அது செல்லாதுடி. மறுபடி நில்லு," என்று சிரித்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவளுக்குத்தான் போன் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒங்க ஆளுங்க எங்க சாமிக்கு பாத்ரூம் கட்டிக் குடுத்தாங்க. இப்ப பைப்பையும் பூட்டப் போறாங்களா?" என்றாள். 'ஒங்க ஆளுங்க' என்றது சுட்டது. "வா, போய்ப் பாப்பம்," என்றேன்.

அந்த வார இறுதியில் இருவரும் மலை ஏறினோம். உள்ளே போனதும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. கோயில் என்பதால் விழுங்கினேன். டைல்ஸ் நனையாதிருக்க லிங்கத்துக்கு மேலே ஒரு நீல பிளாஸ்டிக் பேசினைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். டக், டக் என்று துளி பிளாஸ்டிக்கில் விழுந்தது. லிங்கம் காய்ந்து வெளிறிப் போயிருந்தது. கொழுந்துக்கூடையோடு வந்த ஓர் அக்கா பேசினுக்கும் பாறைக்கும் நடுவே கையை நுழைத்து, எக்கி எக்கிச் சொட்டு வாங்கப் பார்த்தார். பிறகு பேசினுக்குள் விரலை நனைத்து நெற்றியில் தடவிக்கொண்டு போனார்.

பூசாரி அண்ணனிடம் பாய்ந்தேன். "இதை ஏன் விட்டனீங்கள்?"

"கொழும்பு ஐயாமாரு ஆசையா செஞ்சாங்க. எப்புடிங்க வேணாம்னு சொல்றது?"

"இப்ப சொல்லுங்கோ."

"நாங்க ஒடைச்சா நன்றி கெட்டவனுங்கன்னு பேராகிரும்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க ஒடைச்சா, நாங்க யாரும் கையப் புடிக்க மாட்டோம்."

எனக்கு அது போதும்.

கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை முதலாளியிடம் டைல்ஸ் கழற்ற என்ன வேண்டும் என்று கேட்டோம். "ஒட்டுறதுக்குத்தான் எல்லாரும் வாரது. களட்ட வந்த மொதல் ஆள் நீங்கதான் புள்ள," என்றார். "எந்த ரூம்?"

"குகை."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்து வைத்தார். கண்ணாடியும் போடச் சொன்னார், சில்லு தெறிக்குமாம்.

கள்ளமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. பேசினின் படத்தைப் பெரியப்பாவின் வாட்சப் குழுவில் போட்டு, கீழே எழுதினேன்: 'தண்ணி ஓடின பள்ளத்துக்கு மேல உள்ள டைல்ஸ நான் கழட்டப் போறன். தண்ணி ஓடினா ஒருத்தரும் வழுக்க மாட்டினம்.' உடனே போன் அடித்தது.

"உனக்கென்ன விசரே?"

"ஓம் பெரியப்பா. நீங்களும் வாங்கோவன், காட்டுறன்."

"வெடிப்பை அடைக்க பாஸ்மார் சனிக்கிழமை போறாங்கள். நீ உன்ர படிப்பைப் பார்." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வரை இருக்கப்போவதில்லை. வியாழக்கிழமை பஸ் எடுக்கிறோம். குகைக்கு வெளியே, பள்ளம் முடிகிற இடம் இன்னும் தெரிகிறது. அதன் வாயில் பாசி காய்ந்து கருகியிருக்கிறது. அங்கிருந்து உள்நோக்கி ஒவ்வொரு டைல்ஸாகக் கிளப்புவோம். அடியில் சீமெந்து எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று தெரியாது. பாறையோடு சேர்ந்து இறுகியிருந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் போதுமோ தெரியாது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் பள்ளம் வெளியே திறந்துவிட்டால் பேசினைக் கழற்றுவோம். திறக்காவிட்டால், சனிக்கிழமை பாஸ்மார் ஏறி வரும்போதும் நாங்கள் அங்கே கொத்திக்கொண்டுதான் இருப்போம்.