துண்டுக்கு அடியில் ஒரு பிளாட்

"வெலையை இப்படி நடுத்தெருவுல கத்தறானே, வெக்கம் மானம் ஒண்ணும் கிடையாதோ இவனுக்கு?"

மட்டாஞ்சேரியில் வெங்கிட்டு குடியிருந்த வீட்டில் பொழுது விடிவதே இந்தப் புலம்பலோடுதான். காலையில் தெருவுக்குள் காய்கறி ஆட்டோ நுழையும். அதன் தலையில் கட்டிய குழாய், "சவாள நூறு ரூபாய்க்கு நாலு கிலோ" என்று வெங்காய விலையை அலறும். வெங்கிட்டு வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஜன்னலுக்கு வந்து, இதைச் சொல்லிவிட்டுத்தான் கொப்பளிக்கப் போவார்.

"அவன் கத்தறதாலதான் நம்மாத்து சாம்பார்ல வெங்காயம் விழறது" என்பாள் அவர் மனைவி அம்மிணி. நேற்றும் இதே பதில். நாளைக்கும் இதேதான்.

வெங்கிட்டு சுக்குத் தரகர். பஜாரில் இன்றைக்கு எல்லாரும் போனில் விலை பேசி முடிக்கிறார்கள். இவரும் இவரைப் போல நாலைந்து பேரும் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் வெங்கிட்டு. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. விரலின் நடுக்கணுவைக் கிள்ளினால் அரை. உள்ளங்கையைச் சுரண்டினால் முடியாது என்று அர்த்தம். கையை முழுசாக அமுக்கினால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இது பஜாரோடு நின்றிருந்தால் தேவலை. எண்ணிக்கை என்று எது வந்தாலும் மனிதருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். பஸ்ஸில் கண்டக்டர் கையைப் பிடித்து இரண்டு விரலை அமுக்குவார். பாவம், அந்த ஆள் மிரண்டு போய்ப் பின்வாசலுக்கு ஓடுவான். டாக்டர் வயதைக் கேட்டால் டாக்டரின் கையைப் பிடிப்பார். அவர் நாடி பார்க்கிறாரோ, இவர் பார்க்கிறாரோ என்று நர்ஸ் குழம்புவாள். வீட்டில் தோசைக்கும் இதே கூத்து. அம்மிணி கரண்டியோடு நின்றால் அவள் இடது கையைப் பிடித்து மூன்று விரல், ஒரு கிள்ளு. மூன்றரை தோசை. இப்படித் தோசை வார்த்தே அம்மிணிக்குச் சுக்கு பாஷை படிந்துவிட்டது.

வாடகை வீடு, மாடி, கீழே கிடங்கு. ஓணத்துக்குள் காலி செய்யச் சொன்னான் வீட்டுக்காரன் மகன். வெள்ளைக்காரர்களைத் தங்கவைக்கப் போகிறானாம். அம்மிணிக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டுச் சுவர் வருஷம் பூரா ஈரம். பொரித்த அப்பளத்தை வெளியில் வைத்தால், இலை போட்டு முடிப்பதற்குள் கைக்குட்டை மாதிரி துவளும். காய்ந்த சுவர் உள்ள சொந்தப் பிளாட் ஒன்று வேண்டும், அதில் ஒரு அப்பளம் மொறுமொறு என்று உடைய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிளாட் காட்ட வந்தவர் கபீர். மட்டாஞ்சேரிக்காரர், வீட்டுத் தரகர், தொண்டை மட்டும் கப்பல் சங்கு. முதலில் காக்கநாட்டுக்கு அழைத்துப் போனார். ஆகாசத்தை இடிக்கிற கட்டடம். பன்னிரண்டாவது மாடி. வெங்கிட்டு ஒவ்வொரு அறை மூலையிலும் குனிந்து மோந்து பார்த்தார்.

"மேல நன்னாத்தான் இருக்கு. அடியில பாக்கணும்" என்றார்.

"அடியில என்ன சாமி? அடியில வேற ஒருத்தரு வீடு."

"அதைத்தான் பாக்கணும். கபீரே, மூட்டையில நல்ல சுக்கு மேலதான் இருக்கும். பூஞ்சை பிடிச்சதெல்லாம் அடியிலயாக்கும் போடுவான். மனசிலாச்சோ?"

சொன்னதோடு நிற்கவில்லை. படியில் இறங்கி, மாடி மாடியாக மணியடித்து, "உங்காத்துல கொஞ்சம் மோந்து பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது மாடியில் செக்யூரிட்டி பிடித்துவிட்டான்.

திருப்பூணித்துறையில் பார்த்த பிளாட்டை அம்மிணியே வேண்டாம் என்றாள். அந்த அடுக்களையில் ஆள் நின்றால் குக்கர் வெளியே நிற்க வேண்டும்.

மூன்றாவதாகப் பார்த்தது கருவேலிப்படியில், பக்கத்திலேயே. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கமலாக்ஷி டீச்சருடைய பிளாட். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டுக்குக் குடிபோகப் போகிறார். அடுக்களை ஜன்னலில் வெயில் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தது. அம்மிணி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பொரித்த அப்பளத்தை யாருக்கும் தெரியாமல் மேடையில் வைத்தாள். வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து உடைத்தாள். சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

"ஏன்னா, இதுதான். வேற பாக்க வேண்டாம்."

"மத்தியானம் வேற பார்ட்டி வருது மாமி. சீக்கிரம் பேசி முடிங்க" என்றார் கபீர்.

டீச்சர் கேட்கிற விலையைக் கபீர் ஏற்கெனவே போனில் நாலு தெருவுக்குச் சொல்லியிருந்தார். முழுப் பத்து லட்சங்களில் தகராறு இல்லை. அதற்கு மேலே டீச்சர் ஒரு நாலு லட்சம் கேட்டார். அந்த நாலைக் குறைப்பதுதான் பேச்சு.

"எத்ர தரும்? தெளிச்சுப் பறயணும்" என்று, எவ்வளவு தருவார் என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் டீச்சர்.

வெங்கிட்டு தோளிலிருந்த துண்டை எடுத்து டீப்பாயின் மேல் விரித்தார். அதற்கு அடியில் கையை நுழைத்தார். காத்திருந்தார்.

டீச்சர் துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இதெந்தா, மாஜிக்கா?"

"சாமி, வாயத் தொறந்து சொல்லுங்க" என்றார் கபீர்.

வெங்கிட்டுவின் காது வரை சிவந்தது. அந்நியப் பெண்பிள்ளையின் கையைப் பிடிக்க முடியாது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நீர்தானே தரகர்? நீர் நடுவில உக்காரும்" என்றார்.

"நானா? டீச்சர் கையையா? பள்ளிக்கூடத்துல அந்தக் கையால நான் வாங்கினது போதும் சாமி. பொறவு வீட்ல பொண்டாட்டி சுலைஹாவுக்குத் தெரிஞ்சா மிச்சம் உள்ளதை அவ தருவா."

டீச்சர் மணியைப் பார்த்தார். அம்மிணி மேடையில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். "நகருங்கோ" என்று சொல்லி நடுவில் போய் உட்கார்ந்தாள். இடது கை துண்டுக்கு அடியில் புருஷனிடம். வலது கையை, அடுக்களையிலிருந்து எடுத்த சமையல் துணிக்கு அடியில் டீச்சரிடம் நீட்டி, இன்னதுக்கு இன்னது என்று சொல்லிக் கொடுத்தாள். கணக்கு டீச்சருக்கு அதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்?

வெங்கிட்டு ஒரு விரல் பிடித்தார். அம்மிணி வலப்பக்கம் ஒன்று கொடுத்தாள். டீச்சர் நாலு விரலையும் சேர்த்து நெரித்தார். வெங்கிட்டு சுரண்டினார். டீச்சர் அதைவிட ஆழமாகச் சுரண்டினார். ஒன்றரை. நாலு. இரண்டு. நாலு. டீச்சரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நடுவில் அம்மிணி, இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொள்ள வந்தவள் மாதிரி விரிந்து கிடந்தாள். மூக்கு அரித்தது. சொறியக் கை இல்லை.

கடைசியில் வெங்கிட்டு இரண்டரையில் நின்றார். டீச்சர் மூன்றரையில் நின்றார். இரண்டு பக்கமும் சுரண்டல்தான். டீச்சர் கையை மெல்ல உருவப் பார்த்தார். அப்பளம், வெயில், சுவர் எல்லாம் அந்தக் கையோடு நழுவிப் போவது அம்மிணிக்குத் தெரிந்தது.

அவள் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் முழுசாக அமுக்கினாள்.

வெங்கிட்டு முகம் மலர்ந்தது. டீச்சர் முகமும் மலர்ந்தது. கபீர் படைத்தவனுக்கு நன்றி சொன்னார். டீச்சர் எல்லாருக்கும் சாயா கொண்டுவந்தார்.

"அப்போ எவ்வளவுன்னு எழுதட்டும்?" என்று கபீர் பேனாவை எடுத்தார்.

"மேலெ மூன்னர" என்றார் டீச்சர், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்.

வெங்கிட்டு எழுந்தே விட்டார். ஜன்னலோரம் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, தொண்டை கிழியக் கத்தினார்: "ரெண்டரை! ரெண்டரைதான்! பைசா மேல கிடையாது!"

கீழே, அந்தத் தெருவுக்கும் வந்திருந்த அதே காய்கறி ஆட்டோவின் குழாய் சட்டென்று நின்றது.

"ரெண்டரக் கிலோ சவாளயோ சாமியே? இதா, எடை போட்டுட்டேன்!" என்று குரல் வந்தது.

வெங்கிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அம்மிணி எழுந்து ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ரெண்டரை இல்லை, மூணு! மூணாப் போடு!" என்று கத்திவிட்டு உள்ளே திரும்பி, "கபீர், நீங்களும் மூணுன்னே எழுதுங்கோ" என்றாள்.

"நான் சம்மதிச்சது ரெண்டரைக்காக்கும்!"

"ஞான் சம்மதிச்சது மூன்னரக்கா!"

"நான் அமுக்கினது மூணுக்கு" என்றாள் அம்மிணி. "நடுவில இருந்தது நான். அமுக்கினா அமுக்கினதுதானே, ஏன்னா? பிரம்மா வந்தா மாத்துவாரோ?"

வெங்கிட்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுக்குக்காரர்கள் ஒரு கணுவில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, இரண்டு பேர் கையையும் சேர்த்து அமுக்கிவிட்டு நடுவிலையைச் சொல்வது அவர் பிழைப்பு. அந்தப் பிழைப்பில்தான் இத்தனை நாள் அந்த வீட்டில் தோசை வெந்தது.

"அடிப்பாவி, இது என் வித்தைடி" என்றார்.

"உங்க தோசையில கத்துண்டேன்."

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுது கபீரே. இல்லெங்கில் இவள் ரெண்டுன்னு அமுக்கும்."

கீழே இறங்கியபோது வெங்காயக்காரன் மூன்று கிலோவோடு நின்றான். அதைத்தான் புது வீட்டில் முதல் சாம்பாருக்குப் போட்டார்கள்.

இப்போது கருவேலிப்படியில்தான் இருக்கிறார்கள். புலம்பல் மட்டும் நின்றுவிட்டது. காரணம், ஆட்டோக்காரன் தினமும் மேலே பார்த்து, "சாமியே, ரெண்டரயோ மூணோ?" என்று கேட்கிறான், வெங்கிட்டு நுரையோடு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். டீச்சர் அவ்வப்போது வந்து, ஒரு கட்டு அப்பளத்துக்காகச் சமையல் துணிக்கு அடியில் அம்மிணியோடு மல்லுக்கட்டிவிட்டுப் போகிறார்.

அந்தப் பக்கம் போனால் மூன்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். மூச்சு வாங்கும், பரவாயில்லை. சுவரைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். எத்தனை தோசை என்று அம்மிணி கேட்பாள். வெங்கிட்டு எதிரில் வாயால் எண்ணிக்கை சொல்லிவிடாதீர்கள், கையை நீட்டுங்கள். நீங்கள் எத்தனை விரலைப் பிடித்தாலும் தட்டில் விழுவது அவள் முடிவு செய்த எண்ணிக்கைதான்.