எனக்கும் அப்படியே எழுதுங்க

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தமிழை நான் பள்ளிக்கூடத்தில் எழுத்தாகத்தான் கற்றுக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் மரம் என்றால் மரம், மாடு என்றால் மாடு. அந்தத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, அறந்தாங்கியில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் டைப் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரரை ஊரே பாய் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், பாய் பேப்பர் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் அக்கா சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும் இருந்தபோது பாயிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"பேப்பர்காரன் கழுத்த அறுத்துட்டான்மா. வரக் கொஞ்சம் லேட்டாகும்."

இந்த மாதிரி நேரத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று எழுதுவார்கள். எனக்குக் கால் நன்றாகவே ஓடியது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்தெருவில் இருந்த பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். 'பாய்' என்று மட்டும் எனக்கு ஓரளவு சொல்ல வரும். அதைச் சொல்லிவிட்டு, விரலால் என் கழுத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டினேன்.

மீன் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் அப்படியே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். பாய்க்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், அவர் எடுக்கவில்லை. அதில் அழுகை இன்னும் கூடியது. ஒருவர் ஆட்டோ பிடித்து வந்தார். எல்லோரும் அதில் ஏறப் போகும்போது, ஆட்டோவுக்குப் பின்னால் பாய் தன் டிவிஎஸ்ஸில் வந்து நின்றார். அத்தனை பெண்களும் அவர் கழுத்தைத்தான் பார்த்தார்கள். அது முழுசாக இருந்தது.

நான் போனை நீட்டினேன். பாய் தான் அனுப்பியதைத் தானே படித்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. மிச்ச மீனை ஆயவும் இல்லை. கடைக்குத் திரும்பிய பிறகு அக்காதான் எனக்கு எழுதிக் காட்டினார்: "கழுத்தறுக்கிறதுன்னா நம்ப வச்சு ஏமாத்துறது. பேப்பர் தாரேன்னு சொல்லிட்டு இல்லேன்னுட்டான். அம்புட்டுதான்."

அன்றிலிருந்து பாய் எனக்கு வேறு தமிழில் எழுத ஆரம்பித்தார். "பேப்பர் நாளை வரும். கவலை வேண்டாம்." ஒவ்வொரு செய்தியும் என் இரண்டாம் வகுப்புப் புத்தகம் மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அக்காவின் போனில் கடைக்கென்று ஒரு குரூப் இருப்பதைப் பார்த்தேன். அதில் நான் இல்லை. அன்று காலை எனக்கு வந்த செய்தி: "வாடிக்கையாளர் வந்துள்ளார். தேநீர் வாங்கவும்." அதே நேரத்தில் குரூப்பில் பாய் எழுதியிருந்தது: "அந்த அறுவை மறுபடி வந்து உயிர வாங்குறாரு. டீ வாங்கிக் குடுத்து ஒப்பேத்துங்க."

எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் பெரிய எழுத்தில் அடித்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் அப்படியே எழுதுங்க பாய்."

அவர் கீழே அடித்தார்: "ஒனக்குப் புரியாதேம்மா. அன்னைக்கி மாதிரி ஆயிட்டா?"

"புரியலைன்னா கேக்குறேன். கேக்காம ஓட மாட்டேன்."

சாயங்காலம் பாய் என்னைக் குரூப்பில் சேர்த்துவிட்டார்.

நான் சொன்னபடி கேட்டேன், விடாமல் கேட்டேன். உயிரை வாங்குகிறவர் அதற்கு என்ன விலை கொடுப்பார்? கம்பி நீட்டிவிட்டான் என்றால் எந்தக் கம்பி? அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கம்பி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஜெயில் கம்பி என்றார் பாய், குடைக்கம்பி என்றார் அக்கா, பத்திரிகை வாங்க வந்தவர் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சொன்னார். அன்று வேலையே நடக்கவில்லை. காதில் பூ சுற்றுகிறான் என்று எழுத வந்த அக்கா, 'காதுல' என்பதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "எழுதுங்க," என்றேன் சைகையில். "என்ன பூ?"

தப்பும் செய்தேன். பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு அவசரப்பட்ட ஒரு பெரியவருக்கு, "நீங்க நாள எண்ணிக்கிட்டு இருங்க, ரெடி ஆயிரும்," என்று அனுப்பிவிட்டேன். அவர் கைத்தடியோடு கடைக்கே வந்துவிட்டார். பாய் நாற்காலி போட்டு, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். போனபின் எனக்கு எழுதினார்: "சாகக் கெடக்குறவங்களத்தான் அப்பிடிச் சொல்லுவாங்க." மறுபடியும் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் எடுக்கவில்லை.

வீட்டில்தான் இன்னும் பெரிய வேலை இருந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அப்பா பேச ஆரம்பித்தால், சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவார். சாப்பிடு, வா, படு, இவ்வளவுதான் அவர் என்னிடம் சைகையில் பேசியது. என் அப்பா வேடிக்கையான மனுஷர் என்பது எனக்கு அடுத்தவர் முகத்திலிருந்துதான் தெரியும்.

பேசினால் எழுத்தாக்கும் வசதியை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டே அவர் பேசி அனுப்பியது: "அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம்." டீக்கடைப் பக்கம் கையைக் காட்டி, அங்கே பேசுவது மாதிரி என்று சைகை செய்தேன். வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. தினமும் போனை அவர் கையில் வைத்தேன். ஒரு வாரத்துக்கு வயல், மழை, உரம் என்றே வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது வந்தது: "பேங்க்குக்குப் போனேன் தாயி. அந்த ஆபீசர் சிரிச்சா சேதாரம் ஆயிரும்னு பல்ல லாக்கர்ல வச்சிருக்காரு."

மூன்று முறை படித்தேன். அக்கா என்ன என்று கேட்டார். போனைக் கொடுத்தேன். அவர் சிரித்தது நான் சிரித்து முடித்த பிறகுதான்.

அதற்கப்புறம் அப்பாவை நிறுத்த முடியவில்லை. போன வாரம் அனுப்பினார்: "ஒங்காத்தா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா."

யாரிடமும் கேட்காமல் பதில் அடித்தேன்: "எங்க வச்சிருக்காங்க? எட்டுற எடத்துல வைக்கச் சொல்லுங்க."

பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது, அம்மா எடுத்தது. அப்பா கட்டிலில் ஒருபக்கமாகச் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.